"கேஸ் போட்டாச்சு சார்"
குளிரூட்டும் வாயுக்களைக் குறைப்பது பற்றிய கட்டுரை ஒன்றைப் படித்தேன். அந்த வாயுக்களைப் படிப்படியாகக் குறைக்க நாடுகள் ஒப்புக்கொண்ட 2016-இன் கிகாலித் திருத்தம், 2019-இல் நம் அரசு வெளியிட்ட குளிரூட்டல் செயல்திட்டம், அவ்வாயுக்களுக்கு 2028-இல் இந்தியாவுக்கு வரப்போகும் உச்சவரம்பு என்று எல்லாம் இருந்தன; ஏசி மெக்கானிக் மட்டும் ஓரிரு வரியில் வந்துபோனார். எனக்கென்னவோ கதையே அவரிடம்தான் இருப்பதாகப் படுகிறது. பல வீடுகளில் நடப்பது இதுதான்: கசிவு எங்கே என்று பார்ப்பதில்லை, மிச்சமிருக்கும் வாயுவை 'புஸ்'ஸென்று காற்றில் திறந்துவிட்டு, புதிதாக நிரப்பி, "கேஸ் போட்டாச்சு சார்" என்று கிளம்பிவிடுவார். ஏசியில் நிரப்பும் ஆர்-410ஏ என்ற வாயு ஒரு கிலோ வெளியேறினால், புவியைச் சூடாக்குவதில், நூறாண்டுக் கணக்கில் அது சுமார் 2,000 கிலோ கரியமில வாயுவுக்குச் சமம். ஆர்-32 என்றால் ஏறக்குறைய 675. மாற்றாகச் சொல்லப்படும் புரொப்பேனின் தாக்கம் இவற்றோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை, ஆனால் எளிதில் தீப்பிடிக்கும். தெரியாத கை தொடக்கூடாது. மெக்கானிக்கைக் குறைசொல்ல மனம் வரவில்லை. பழைய வாயுவை உருளையில் மீட்டெடுக்கும் கருவியை அவருக்கு யார் வாங்கித் தருவார்கள்? அதற்காகும் கூடுதல் நேரத்துக்கு யார் கூலி தருகிறார்கள்? நூறு ரூபாய்க்கு நாம்தான் பேரம் பேசுகிறோமே! நட்சத்திரம் எண்ணி ஏசி வாங்குபவர்களே, அடுத்த முறை கசிவை அடைத்த பிறகு கேஸ் நிரப்பச் சொல்லுங்கள். அதற்கான கூலியையும் முகம் சுளிக்காமல் கொடுங்கள்.