மயிலாப்பூரைக் கண்ட பயணிகளும் நாம் கற்க வேண்டிய சாட்சியமும்



நம் பிள்ளைகள் இன்று வரலாற்றைப் பாடநூலைவிடக் கைப்பேசியிலேயே அதிகம் படிக்கின்றனர். அங்கு வந்து சேர்பவை பெரும்பாலும் இருவகைச் செய்திகளே. முஸ்லிம்கள் இந்நாட்டுக்கு வாளோடு மட்டுமே வந்தவர்கள் என்பது ஒன்று. முஸ்லிம் மன்னர்கள் அனைவரும் நீதியின் உருவங்கள் என்பது மற்றொன்று. முதலாவது நம்மைப் புண்படுத்துகிறது. இரண்டாவது நம்மை மகிழ்விக்கிறது. ஆயினும் இரண்டையும் எழுதியவர்கள் அக்காலத்து மனிதர் எவரும் எழுதிவைத்ததைப் படித்துப் பார்த்ததாகத் தெரியவில்லை. படித்திருப்பின் இரண்டையுமே எழுதத் தயங்கியிருப்பார்கள்.

சென்னையில் வாழும் நமக்கு இப்படிப்பைத் தொடங்க மயிலாப்பூரே போதும். பதிமூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் தமிழகக் கடற்கரையை அறிந்த வெனிஸ் நகரத்து மார்க்கோ போலோ, புனித தோமாவின் கல்லறை உள்ள ஊரைப் பற்றிக் கூறுகிறார். வணிகர் அதிகம் நாடாத சிற்றூர் அது. ஆனால் கிறித்தவரோடு முஸ்லிம்களும் அங்கு யாத்திரையாக வந்தனர் என்கிறார். தோமாவை முஸ்லிம்கள் ‘அவரியன்’ என அழைத்ததாகவும் குறிப்பிடுகிறார். ஈஸா (அலை) அவர்களின் சீடர்களைக் குறிக்கும் ‘ஹவாரிய்யூன்’ என்னும் குர்ஆன் சொல்லே அவர் காதில் இவ்வாறு விழுந்திருக்கலாம் என்று அறிஞர் கருதுவர். இன்று சாந்தோம் சாலையில் பேருந்துக்குக் காத்திருக்கும் நம் பிள்ளைகளுக்கு இச்செய்தி தெரிந்திருக்க வேண்டாமா?

அன்றாட வாழ்க்கையையும் அவர் விட்டுவைக்கவில்லை. மக்கள் நாளுக்கு இருமுறை குளித்தனர்; வலக்கையால் மட்டுமே உண்டனர்; உதடு படாமல் அண்ணாந்து நீர் அருந்தினர். கடன் கொடுத்தவர் கடனாளியைச் சுற்றித் தரையில் வட்டம் கீறினால், கடனைத் தீர்க்காமல் அவர் அதைத் தாண்டுவதில்லை. அயல்நாட்டு வணிகர் ஒருவர் மன்னரின் குதிரையைச் சுற்றியே இவ்வாறு வட்டமிட, கடனைத் தீர்க்கும்வரை மன்னரும் அவ்விடத்தைவிட்டு நகரவில்லை என்கிறார் போலோ. கடனைத் தள்ளிப்போடும் வசதியுள்ளவரை அநியாயக்காரர் என எச்சரிக்கும் நபிமொழியை அறிந்த நமக்கு, அந்த வட்டத்தின் பொருள் எளிதில் விளங்கும்.

அக்காலத்தில் அரபு, பாரசீக வணிகரின் பெருஞ்சரக்கு குதிரை. ஆண்டுக்குப் பத்தாயிரம் குதிரைகள், ஒவ்வொன்றும் 220 பொன் தீனார் என்று பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் எழுதினார். பாண்டியரிடம் தகியுத்தீன் அப்துர் ரஹ்மான் என்னும் முஸ்லிம் அமைச்சராக இருந்ததையும் அவர் வழியாக அறிகிறோம். இதை நாம் பெருமையோடு எடுத்துச் சொல்கிறோம். போலோ சொல்லும் மற்றொன்றை மட்டும் விட்டுவிடுகிறோம். குதிரைகள் ஆண்டுதோறும் மாண்டுபோனால்தான் புதியன விற்கலாம் என்பதற்காக, குதிரைக்கு வைத்தியம் தெரிந்தவர் இங்கு வராதபடி அவ்வணிகர் பார்த்துக்கொண்டனராம். நம்மவரின் நேர்மையைப் பேசும் நாம் இதையும் பேசியாக வேண்டும்.

இதற்கு நேர்மாறான சாட்சி கல்லில் உள்ளது. இராமநாதபுரம் அருகே திருப்புல்லாணிப் பெருமாள் கோயிலில் பதிமூன்றாம் நூற்றாண்டுப் பாண்டியர் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. சோனகர் எழுப்பிய ‘பிழார்ப்பள்ளி’ என்னும் பள்ளிவாசலுக்கு இறையிலி நிலம் அளித்ததை அது பதிவு செய்கிறது. பள்ளிவாசலுக்கான கொடை கோயிலில் பொறிக்கப்பட்டது என்பதற்கு மேல் அவ்வாழ்க்கையை விளக்கத் தனிச் சொற்பொழிவு தேவையில்லை.

இனி, நாம் படிக்கத் தயங்கும் பக்கத்துக்கு வருவோம். 1340களில் மொராக்கோவின் இப்னு பதூதா தமிழகம் வந்தார். மதுரை சுல்தான் கியாசுத்தீன் அவருக்குச் சகலை முறை. இருவரும் ஜலாலுத்தீன் அஹ்சனின் புதல்வியரை மணந்தவர்கள். மாலத்தீவின் மீது படையெடுக்க அவரது உதவியையும் இப்னு பதூதா நாடியிருந்தார். எனவே சுல்தானைப் புகழ அவருக்கு எல்லாக் காரணமும் இருந்தது. ஆயினும் அவர் எழுதியது வேறு. பிடிபட்ட கிராமத்தவர் கழுவேற்றப்பட்டதையும், பெண்களும் குழந்தைகளும் வெட்டிக் கொல்லப்பட்டதையும் அவர் மறைக்கவில்லை. ஒருநாள் சுல்தான் உணவருந்திக்கொண்டிருந்தபோது ஒரு கைதியும் அவர் மனைவியும் ஏழு வயது மகனும் கொல்லப்பட்டனர். தாம் முகத்தைத் திருப்பிக்கொண்டதாகச் சொல்கிறார். வேறு எந்த அரசரும் செய்து தாம் அறியாத இழிசெயல் இது என்றும், இதனாலேயே அல்லாஹ் அவர் முடிவை விரைவுபடுத்தினான் என்றும் தீர்ப்பளிக்கிறார்.

அவர் காழியாகப் பணியாற்றியவர். தமக்கோ, பெற்றோருக்கோ, உறவினருக்கோ எதிராக இருப்பினும் நீதிக்குச் சாட்சியாக நிற்குமாறு அந்நிஸா அத்தியாயத்தின் 135ஆம் வசனம் கட்டளையிடுகிறது. கியாசுத்தீனைப் பற்றி அவர் எழுதியதில் அக்கட்டளையின் நிறைவேற்றத்தைக் காண்கிறேன். இப்பக்கத்தை மறைப்பவர் இஸ்லாத்துக்குத் தொண்டு செய்வதில்லை. கொடுமையை இஸ்லாத்தோடு சேர்த்துக் கட்டுவோருக்கே துணைபோகிறார். அந்தக் கொடுமையை இஸ்லாத்தின் பெயரால் கண்டித்த முதல் சாட்சி ஒரு முஸ்லிமே என்பதையும் சேர்த்தல்லவா அவர் மறைத்துவிடுகிறார்!

இவர்கள் எழுதிய அனைத்தும் உண்மையா எனச் சிலர் கேட்கலாம். கேட்கத்தான் வேண்டும். செய்தி வந்தால் விசாரித்தறியுமாறு அல்ஹுஜுராத் அத்தியாயம் நமக்குப் பணித்திருக்கிறது. யார் சொன்னார், கண்டு சொன்னாரா, கேட்டுச் சொன்னாரா, வேறு வழியிலும் அச்செய்தி வந்துள்ளதா என்று ஆராயும் ஹதீஸ் கலை நம் சொத்து. அதை இங்கும் பயன்படுத்துவோம். போலோ 1298இல் ஜெனோவாச் சிறையில் இருந்துகொண்டு பிறர் எழுதச் சொன்னவர். இப்னு பதூதாவும் ஊர் திரும்பிய பின்னர் நினைவிலிருந்தே சொன்னார். வஸ்ஸாஃப் பாரசீகத்தில் இருந்தபடி கேட்டதை எழுதியவர். ஆகவே அவரது பத்தாயிரம் என்ற எண்ணிக்கையை அப்படியே ஏற்க வேண்டியதில்லை. ஆனால் இங்கு குதிரைகளுக்குப் பொருந்தாத தீனி தரப்பட்டது என்பதை வஸ்ஸாஃபும் போலோவும் தனித்தனியே சொல்வதால் அதற்கு வலு அதிகம்.

கோட்டூர்புரத்தில் அண்ணா நூற்றாண்டு நூலகமும், அடையாற்றில் 1886இல் தொடங்கிய நூலகமும் நமக்கு எட்டும் தொலைவில்தான் உள்ளன. விடுமுறை நாளில் தியாகராய நகர்க் கடைகளுக்கு அழைத்துச் செல்லும் பிள்ளைகளை ஒருநாள் அங்கும் அழைத்துச் செல்லுங்கள். இப்னு பதூதாவின் மதுரைப் பக்கங்களை வீட்டில் ஒன்றாக அமர்ந்து படியுங்கள். பெரிய பிள்ளைகளிடம் அக்கொடுமைப் பகுதியையும் மறைக்காதீர்கள். உண்மையை நம் வாயால் முதலில் கேட்ட பிள்ளை, நாளை வகுப்பறையில் எவர் அதை வீசினாலும் தலைகுனியாது. பொய்யை வீசினால் ஆதாரம் கேட்கவும் அறிந்திருக்கும். அல்லாஹ் நம்மை நீதிக்குச் சாட்சி சொல்வோராக ஆக்கியருள்வானாக. ஆமீன்.