எடை குறைக்கும் ஊசி: விலை குறையுது சரி, 'வயிறு டாக்டர்' ஏன் கவலைப்படுகிறார்?

2025 மார்ச்சில் மவுன்ஜாரோ ஊசி இந்தியாவுக்கு வந்தபோது, 2.5 மில்லிகிராம் குப்பி ஒன்றின் விலை 3,500 ரூபாய். வாரம் ஒன்று போட வேண்டும். அப்படியென்றால் மாதம் 14,000 ரூபாய். ஜூனில் வெகோவி வந்தது, டிசம்பரில் ஒசெம்பிக் வந்தது. அதுவரைக்கும் இது வசதியானவர்களின் ஊசி.

2026 மார்ச்சில் கதை மாறியது. வெகோவி, ஒசெம்பிக் இரண்டிலும் இருப்பது செமாகுளுடைட் என்ற ஒரே மருந்துதான். இந்தியாவில் அதன் காப்புரிமைக் காலம் அந்த மாதத்தோடு முடிந்ததால், உள்நாட்டு நிறுவனங்கள் அதே மருந்தை மலிவாகத் தயாரித்து விற்க வழி பிறந்தது.

மலிவாவது நல்ல விஷயம்தானே? நல்லதுதான். ஆனால் கூடவே ஒரு சிக்கலும் வருகிறது. 14,000 ரூபாய் கொடுப்பவர் டாக்டரைப் பார்க்காமல் வாங்க யோசிப்பார். விலை இறங்கினால் "பக்கத்து வீட்டு அக்கா போட்டாங்க, எனக்கும் ஒண்ணு கொடுங்க" என்று மெடிக்கல் ஷாப்பில் கேட்பவர்கள் வருவார்கள். சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத மருந்து இது. ஆனால் நம்ம ஊர் மெடிக்கல் ஷாப்பில் ஆன்டிபயாட்டிக் எப்படிக் கிடைக்கிறது என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதானே.

இதில் அதிகம் பேசப்படாத ஒரு ஆள் இருக்கிறார். அவர்தான் இரைப்பை, குடல், கல்லீரல் நோய்களைப் பார்க்கும் கேஸ்ட்ரோ டாக்டர்.

குடலில் தொடங்கும் கதை

சாப்பாடு குடலுக்குள் இறங்கியதும், குடலின் உட்சுவரில் இருக்கும் சில செல்கள் ஜிஎல்பி-1 என்ற ஹார்மோனைச் சுரக்கின்றன. அது கணையத்தை இன்சுலின் சுரக்கச் சொல்கிறது. 'போதும், வயிறு நிறைஞ்சிடுச்சு' என்று மூளைக்குத் தகவல் போகிறது. இரைப்பையில் இருக்கும் சாப்பாடு கீழே இறங்கும் வேகமும் குறைகிறது. ஆனால் இந்த ஹார்மோன் ரத்தத்தில் சில நிமிடங்கள்தான் தாங்கும்.

கலைந்துபோகாத ஒரு நகல் கிடைத்தால்? அந்தத் தேடலுக்கு விடை கொடுத்தது, யாரும் எதிர்பார்க்காத ஒரு பிராணி. அமெரிக்கப் பாலைவனத்தில் வாழும் கிலா மான்ஸ்டர் என்ற விஷப் பல்லியின் உமிழ்நீரில், ஜிஎல்பி-1 போலவே வேலை செய்யும் பொருள் இருப்பதை 1990-களின் தொடக்கத்தில் ஜான் எங் என்ற அமெரிக்க மருத்துவர் கண்டறிந்தார். அதிலிருந்து பிறந்த எக்ஸனடைட், 2005-ல் சர்க்கரை நோய்க்கு அங்கீகாரம் பெற்றது. செமாகுளுடைட் அந்த வரிசையில் பிறகு வந்தது. இதை வாரம் ஒருமுறை போட்டால் போதும்.

2021-ல் வெளியான ஆய்வில், 68 வாரங்கள் செமாகுளுடைட் போட்டவர்களின் எடை சராசரியாக 14.9% குறைந்தது. மருந்தில்லாத போலி ஊசி போட்டவர்களுக்கு 2.4% மட்டுமே. மவுன்ஜாரோவில் இருப்பது டிர்செபடைட் என்ற வேறு மருந்து. அதன் அதிகபட்ச டோஸில் 72 வாரங்களில் 20.9% வரை எடை குறைந்ததாக 2022-ல் முடிவு வந்தது.

அல்சரிலிருந்து கொழுப்பு வரை

எம்பிபிஎஸ் ஐந்தரை வருஷம், எம்டி மூன்று, டிஎம் மூன்று. ஒரு கேஸ்ட்ரோ டாக்டர் உருவாக மொத்தம் பதினொன்றரை வருஷம். முன்பெல்லாம் அந்தப் படிப்பு முடிந்து உட்கார்ந்தால் அல்சரும் மஞ்சள் காமாலையும்தான் வரிசையில் நிற்கும். ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற கிருமிதான் பெரும்பாலான அல்சருக்குக் காரணம் என்று பேரி மார்ஷலும் ராபின் வாரனும் காட்டினார்கள். 2005-ல் அதற்கு நோபல் பரிசு கிடைத்தது. வருஷக்கணக்கில் இழுத்த நோய் இரண்டு வார மாத்திரையில் தீரத் தொடங்கியது. ஹெபடைடிஸ் பி-க்குத் தடுப்பூசியும் சி-க்கு மாத்திரையும் வந்தன. அந்த வரிசை குறையக் குறைய, இன்னொரு வரிசை நீண்டது. அதுதான் ஃபேட்டி லிவர்.

ஐதராபாத்தின் டி.நாகேஷ்வர் ரெட்டி இந்தத் துறையில் இந்தியாவின் முக்கியப் பெயர். கர்னூலில் எம்பிபிஎஸ், நம்ம சென்னை மருத்துவக் கல்லூரியில் எம்டி, சண்டிகரில் டிஎம் படித்தவர். எண்டோஸ்கோப்பி சிகிச்சையில் பெயர் எடுத்து, 2025-ல் பத்ம விபூஷண் பெற்றார். அவர் நிறுவிய ஏஐஜி மருத்துவமனையும் ஐதராபாத் பல்கலைக்கழகமும் சேர்ந்து, அந்த நகரின் ஐடி ஊழியர்கள் 345 பேரைப் பரிசோதித்தன. 2025-ல் வெளியான முடிவுப்படி, 84% பேரின் கல்லீரலில் அளவுக்கு மீறிய கொழுப்பு இருந்தது.

ஒரே ஊர், ஒரே தொழில், 345 பேர். இதை வைத்து நாட்டுக்கே கணக்குப் போட முடியாது. இருந்தாலும் நாள் முழுக்க நாற்காலி, நள்ளிரவில் பிரியாணி என்ற வாழ்க்கை கல்லீரலில் எங்கே போய் நிற்கிறது என்பது தெரிகிறது. சென்னை ஓஎம்ஆரில் வேலை பார்ப்பவர்களுக்கு இதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை.

'நான் ஒல்லிதானே, எனக்கு வராதே?'

வரும். இந்தியர்களுக்குக் கை, கால் மெலிந்திருந்தாலும் வயிற்றைச் சுற்றிக் கொழுப்பு சேரும். அதனால்தான் பிஎம்ஐ எண்ணில் மேலைநாட்டவருக்கு 30-ல் தொடங்கும் 'உடல் பருமன்', நமக்கு 25-லேயே தொடங்குகிறது. இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90 சென்டிமீட்டரையும் பெண்களுக்கு 80-ஐயும் தாண்டினால் கவனம் தேவை.

ஐந்தாவது தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பில், அதிக எடை அல்லது பருமனுடன் இருந்த பெண்கள் தமிழ்நாட்டில் 40.4%. நாட்டின் சராசரி 24% தான். முந்தைய கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் எண் 30.9% ஆக இருந்தது.

ஃபேட்டி லிவருக்கு நெடுநாள் டாக்டர்கள் சொன்ன ஒரே மருந்து 'எடையைக் குறைங்க'. அது சும்மா சொன்னதல்ல. உடல் எடையில் 5% குறைந்தால் கல்லீரலில் கொழுப்பு குறையும், 7% குறைந்தால் வீக்கம் தணியும், 10% குறைந்தால் தழும்பே கரைய வாய்ப்புண்டு. 80 கிலோ இருப்பவருக்கு 10% என்றால் வெறும் 8 கிலோ. கேட்கும்போது சுலபம். ஒரு கல்யாண சீசன் வந்தால் போதும், எல்லாம் போச்சு. ஊசி வேறுபடுவது இங்கேதான். வீக்கமும் ஓரளவு தழும்பும் உள்ள கல்லீரல் நோயாளிகளுக்கு செமாகுளுடைட் கொடுத்த ஆய்வில், 62.9% பேருக்கு வீக்கம் நீங்கியது. போலி ஊசி போட்டவர்களில் அது 34.3%. இதன் அடிப்படையில் 2025 ஆகஸ்டில் அமெரிக்க மருந்து ஒழுங்குமுறை அமைப்பு, அந்த நோய்க்கு வெகோவியை அனுமதித்தது. அழகுக்கான ஊசி என்ற பேச்சு அத்தோடு பழசாகிவிட்டது.

சரி, பிரச்சினை எங்கே?

இரைப்பை மெதுவாகக் காலியாகும் என்று பார்த்தோம் இல்லையா, தொல்லையும் அங்கேதான். குமட்டல், வாந்தி, மலச்சிக்கல், சிலருக்குப் பேதி. மூன்று இட்லி சாப்பிட்டவர் ஒன்றிலேயே எழுந்துவிடுவார். பழக்கதோஷத்தில் மூன்றாவதையும் தள்ளினால் வாந்தி. இதற்காகத்தான் செமாகுளுடைட் 0.25 மில்லிகிராமில் தொடங்கி, நான்கு வாரத்துக்கு ஒரு படி என மெல்ல ஏற்றப்படுகிறது. சீக்கிரம் இளைக்கணும் என்று டோஸை நாமாக ஏற்றினால், ட்ரிப்ஸ் ஏற்றத்தான் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியிருக்கும்.

எடை வேகமாக இறங்கும்போது பித்தப்பையில் கல் சேரலாம். அரிதாகக் கணைய அழற்சியும் வரலாம். மேல் வயிற்றில் தொடங்கி முதுகுக்குப் பரவும் கடும் வலி வந்தால் 'கேஸ்' என்று சோடா குடித்துவிட்டுப் படுக்கக் கூடாது, உடனே ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப வேண்டும்.

இன்னொன்று, பலருக்குத் தெரியாதது. எண்டோஸ்கோப்பிக்கோ அறுவை சிகிச்சைக்கோ வெறும் வயிற்றோடு வந்தாலும், இந்த ஊசி போட்டவரின் இரைப்பையில் நேற்றைய சாப்பாடு மிச்சமிருக்கலாம். மயக்கத்தில் அது நுரையீரலுக்குள் போனால் உயிருக்கே ஆபத்து. சில நாள் முன்பிருந்தே திரவ உணவா, ஊசியைத் தள்ளிப்போடுவதா என்பதை டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும். ஊசி போடுவதை அவரிடம் சொன்னால்தானே முடியும்? வீட்டுக்குத் தெரியாமல் போடுபவர்கள் டாக்டரிடமும் மறைத்துவிடுகிறார்கள்.

குறையும் எடையில் கொழுப்போடு தசையும் போகிறது. பசியே இல்லாதபோது முட்டை, சுண்டல், பருப்பு, மீன் என்று புரதத்தைத் தேடிச் சாப்பிட வேண்டும். வெறும் ரசம் சோற்றோடு முடித்தால் உடல் இளைக்கும், தெம்பும் போகும்.

நிறுத்தினால் என்ன ஆகும்?

செமாகுளுடைட் ஆய்வில் பங்கேற்ற ஒரு பகுதியினரை, ஊசியை நிறுத்திய பிறகு ஒரு வருஷம் கவனித்தார்கள். குறைந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பி வந்துவிட்டது. பிரஷர் மாத்திரை மாதிரி இதுவும் நீண்டகால மருந்து என்பதைத்தான் இது காட்டுகிறது. ஆகவே மலிவு விலைக்கும் ஒரு கணக்கு உண்டு. இந்த மாத விலையை மட்டும் பார்த்துத் தொடங்கியவர், ஆறாவது மாதம் காசில்லாமல் நிறுத்தினால் பெல்ட்டைப் பழைய ஓட்டையில்தான் மாட்ட வேண்டியிருக்கும். முதல் ஊசிக்கு முன்பே டாக்டரிடம் கேட்க வேண்டியது: எத்தனை வருஷம், மாதம் எவ்வளவு, என் கல்லீரலும் பித்தப்பையும் இப்போது எப்படி இருக்கு?