வேண்டாம் என்றார் வாக்னர்... 72.5 லட்சம் டாலருக்குப் போனது கார்டு!

2022 ஆகஸ்ட்டில் அமெரிக்காவில் ஒரு பழைய பேஸ்பால் கார்டு 72.5 லட்சம் டாலருக்குக் கைமாறியது. கிட்டத்தட்ட தீப்பெட்டி அகலம், அதைவிடக் கொஞ்சம் கூடுதல் உயரம். அவ்வளவுதான் சைஸ். சுமார் 110 வருடங்களுக்கு முன்பு சிகரெட் பாக்கெட்டுக்குள் இலவசமாக வந்த அட்டை அது!

அதில் இருப்பவர் ஹோனஸ் வாக்னர். 12 வயதில் பள்ளியை விட்டுவிட்டு நிலக்கரிச் சுரங்க வேலைக்குப் போனவர். பிறகு பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அணிக்கு ஆடி, நேஷனல் லீக்கில் அதிக பேட்டிங் சராசரிக்கான பட்டத்தை எட்டு முறை வென்றார். 1936-ல் பேஸ்பாலின் 'ஹால் ஆஃப் ஃபேம்' கௌரவத்துக்கு முதன்முதலில் தேர்வான ஐந்து பேரில் இவரும் ஒருவர்.

ஆனால், விலைக்குக் காரணம் ஆட்டம் மட்டுமல்ல. அந்த ஐவரில் இன்னொருவரான டை காப்பின் படமும் இதே வரிசையில் நான்கு விதமாக வந்தது. அவற்றை இன்றும் தேடிப் பிடிக்கலாம். வாக்னர் கார்டு மட்டும் மொத்தமே 50, 60 தான் மிச்சம்.

அமெரிக்கன் டொபாக்கோ கம்பெனி 1909 முதல் 1911 வரை 500-க்கும் மேற்பட்ட கார்டுகளை வெளியிட்டது. இன்று சேகரிப்பாளர்கள் 'டி206' என்று சொல்வது இந்த வரிசையைத்தான். பாக்கெட் நசுங்காமல் இருக்க ஓர் அட்டை, கூடவே விளம்பரம். ஒரே கல்லில் இரண்டு மாங்காய்! வாக்னரிடம் சம்மதம் வாங்கும் வேலை, பிட்ஸ்பர்க் பத்திரிகையாளர் ஜான் க்ரூபரிடம் வந்தது. வாங்கித் தந்தால் அவருக்கு 10 டாலர். வாக்னர் மறுத்துவிட்டார். கூடவே, க்ரூபருக்கு நஷ்டம் வரக் கூடாது என்று 10 டாலருக்குத் தன் சொந்த செக்கையும் அனுப்பிவைத்தார். அச்சடிப்பது நின்றது. அதற்குள் வெளியே போன சில கார்டுகள்தான் இன்று கோடிகளில் புரள்கின்றன.

சிறுவர்கள் தன் படத்துக்காக சிகரெட் வாங்கக் கூடாது என்பதால் மறுத்தார் என்பது பிரபலமான கதை. 'அதெல்லாம் இல்லை, காசு கேட்டார், கொடுக்கவில்லை' என்பவர்களும் உண்டு. வாக்னரே புகையிலை மென்றவர், முன்பு சுருட்டு விளம்பரத்துக்குப் படம் கொடுத்தவர் என்பது அவர்கள் வாதம். ஆனால், காசுக்காக முறுக்கிக்கொண்டவர் கைக்காசை எதற்கு இன்னொருவருக்குக் கொடுக்க வேண்டும்?

இந்தக் கார்டுகளிலேயே பளபளப்பான ஒன்றை 1991-ல் ஐஸ் ஹாக்கி நட்சத்திரம் வெய்ன் கிரெட்ஸ்கி, கூட்டாளியோடு சேர்ந்து 4,51,000 டாலருக்கு வாங்கினார். பின்னர் அது ஒரு போட்டியின் பரிசாக, ஃப்ளோரிடாவைச் சேர்ந்த தபால் ஊழியர் ஒருவருக்கு விழுந்தது. அதிர்ஷ்டம்தான். ஆனால், பரிசுக்கான வரியைக் கட்ட வழியில்லாமல் அவர் அதை விற்க வேண்டியதாயிற்று! 2007-ல் அதன் விலை 28 லட்சம் டாலர். 2013-ல்தான் குட்டு உடைந்தது. கார்டின் ஓரங்களைத் தானே கத்தரித்துப் புதிதுபோல் ஆக்கியதாக ஏல வியாபாரி பில் மாஸ்ட்ரோ, மோசடி வழக்கில் ஒப்புக்கொண்டார்.

இதற்கு நேர்மாறான ஒரு கார்டும் உண்டு. ஓரம் வெட்டுப்பட்டு, மடிப்பு விழுந்து, பார்க்கவே பரிதாபமாக இருக்கும். பால்டிமோரின் நோத்ர தாம் கன்னியாஸ்திரிகளுக்கு, ஒரு சகோதரியின் அண்ணன் எழுதிவைத்துப்போன சொத்து. அதை அவர் 1936 முதல் பாதுகாத்து வந்திருக்கிறார். வங்கி லாக்கரில் கார்டோடு, அவர் டைப் செய்த ஒரு குறிப்பும் இருந்தது. 'சேதமாகியிருந்தாலும், 21-ம் நூற்றாண்டில் இதன் மதிப்பு பல மடங்கு ஏறும்' என்பது அதன் சாரம்.

2010-ல் அது 2,62,000 டாலருக்கு விற்றது.