ஓடி முடித்த குதிரைக்கு யார் பொறுப்பு?



சென்னைக் கிண்டியின் குதிரைப் பந்தயம் பலமுறை விவாதப் பொருளாகியிருக்கிறது. பந்தயத்தில் பணம் கட்டிக் குடும்பங்கள் அழிகின்றன என்று கருதிய தமிழ்நாடு அரசு, 1974-இல் அதை ஒழிக்கச் சட்டம் இயற்றியது. அது வெறும் சூதாட்டமல்ல, திறமையைச் சார்ந்த விளையாட்டு என்று 1996-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வாடகைப் பாக்கி தொடர்பான தகராறில், 2024 செப்டம்பரில் அரசு பந்தய மைதானத்துக்குச் சீல் வைத்தது. பணத்தைப் பற்றிப் பேசினோம். திறமையைப் பற்றியும் நிலத்தைப் பற்றியும் பேசினோம். ஓடிய குதிரையைப் பற்றி எவ்வளவு பேசினோம்?

நீங்கள் படித்த இயற்பியலைக் கொண்டே இதைப் பார்க்கலாம். பந்தயக் குதிரையின் நிறை ஏறக்குறைய 500 கிலோகிராம். அதன் வேகம் மணிக்கு 60 கிலோமீட்டர். ஏனாத்தூரிலிருந்து சென்னை செல்லும் நெடுஞ்சாலையில் பேருந்து ஓடும் வேகம்! அதன் இயக்க ஆற்றலைக் கணக்கிட்டால் சுமார் 70,000 ஜூல் வரும். இவ்வாறு பாயும்போது சில கணங்களில் ஒரே ஒரு கால்தான் தரையில் இருக்கும். அப்போது அந்தக் காலின் மேல் உடல் எடையைப் போல் ஏறத்தாழ இரண்டரை மடங்கு விசை தாக்குகிறது. அதாவது 1,250 கிலோ எடையை ஒரு மெல்லிய எலும்பு தாங்க வேண்டும்.

முழங்காலுக்குக் கீழே குதிரைக்குத் தசை இல்லை என்றே சொல்லலாம். எலும்பும் தசைநாண்களும் தோலுமே உள்ளன. எனவே முறிவு எளிதில் ஆறுவதில்லை. நம்மைப் போல் மாதக்கணக்கில் படுத்திருக்கவும் குதிரையால் முடியாது. நிற்கும்போது சுமை மற்றக் கால்களுக்கு மாறி, அவற்றின் குளம்புகளும் நோயுறுகின்றன. 2006-இல் அமெரிக்காவின் கெண்டக்கி டெர்பியில் வென்ற பார்பரோ என்னும் குதிரைக்கு, அடுத்த பந்தயத்திலேயே கால் முறிந்தது. தேர்ந்த மருத்துவர்கள் எட்டு மாதம் போராடியும் இந்தக் குளம்பு நோயால் அதைக் காப்பாற்ற இயலவில்லை. 2007 ஜனவரியில் கருணைக்கொலை செய்தனர்.

காயமின்றித் தப்பிய குதிரையின் கதி என்ன? இன்னொரு எளிய கணக்கு. குதிரையின் ஆயுள் 25 ஆண்டுகள் என்று கொள்வோம். எலும்புகள் முழு வளர்ச்சி பெறுமுன்பே, இரண்டு வயதில் பல குதிரைகள் ஓடத் தொடங்குகின்றன. பெரும்பாலானவை எட்டு வயதுக்குள் ஓய்வு பெறுகின்றன. மிச்சமுள்ள 17 ஆண்டுகளுக்குத் தீவனம், லாடம், மருத்துவம் யார் தருவது? சிறந்தவை இனப்பெருக்கப் பண்ணைக்குப் போகும். சில சவாரிப் பள்ளிகளுக்குப் போகும். மற்றவை கைமாறிக் கைமாறி, பராமரிக்க வசதியற்றவரிடம் போய்ச் சேரக்கூடும்.

குதிரைக்காரர்களுக்கு இது பிழைப்பு என்பதும், குதிரையை உயிராய் நேசிப்போர் அவர்களில் உண்டு என்பதும் உண்மையே. அளவான பயிற்சி எலும்பை வலுவாக்கும் என்பதையும் அறிவியல் ஒப்புக்கொள்கிறது. ஆனால் நேசம் தனிமனிதரின் குணம். பொறுப்போ எழுதப்பட்ட விதியாக இருக்க வேண்டும்.

பந்தயக் குதிரையின் பிறப்பும் பெற்றோரும் ஏட்டில் பதிவாகின்றன. அதே ஏட்டில் அதன் ஓய்வும் இறப்பும் பதிவாகட்டும். ஒவ்வொரு பரிசுத் தொகையிலும் ஒரு பங்கு முதுமைக் காப்பு நிதிக்குச் செல்லட்டும். இவ்விரண்டையும் செய்ய இயலாதெனில், பந்தயத்துக்கென்று குதிரைகளை வளர்க்கும் உரிமை நமக்கு இல்லை என்பதே என் கருத்து.

உங்கள் கருத்து என்ன? வகுப்பில் விவாதித்துப் பாருங்கள். ஒரு நிபந்தனை: குதிரையின் சார்பில் பேசவும் ஒருவரை நியமியுங்கள்.