காமனின் சாபம் நீங்கிற்றா?

தஞ்சை மாவட்டத்துக் காமன் பண்டிகைகளில் லாவணி பாடுவோர் இரு கட்சிகளாகப் பிரிந்து வாதிடுவது மரபு. நெற்றிக்கண்ணின் தீயால் மன்மதன் எரிந்தான் என்பது எரிந்த கட்சி. எரியவில்லை என்பது எரியாத கட்சி. தமிழகத்திலிருந்து இலங்கையின் மலைநாட்டுக்கு வந்த தோட்டத் தொழிலாளர் காமன் கூத்தையும் தம்மோடு கொணர்ந்தனர். டிக்கோயாப் பகுதித் தோட்டங்களில் மாசி மாதத்தில் கம்பம் ஊன்றப்பட்டு, தப்பு முழங்க, ரதியும் மன்மதனும் ஆடிவரும் கூத்து அதுவே. ஆயின், எரிந்தானா என்பதிலும் கூரிய வினா ஒன்று இக்கூத்தினுள் உறைந்து கிடக்கின்றது. எரிந்த காமன் உயிர்த்தெழுந்தான் என்கின்றோமே, அவனைப் பற்றிய சாபம் மெய்யாகவே நீங்கிற்றா?

நீங்கிற்று என்பாரே மிகப் பலர். ரதி அழுதாள், சிவன் இரங்கினார், கணவன் மீண்டான், இனி மங்களம் பாடி எழுவதே முறை என்பது அவர்தம் முடிபு. இது வரத்தின் முற்பாதியை மட்டும் கேட்டு எழுந்து சென்றோரின் முடிபாகும்.

கந்தபுராணக் கதையைச் சற்றே ஊன்றி நோக்குக. காமன் தானே விரும்பிச் சிவன்மீது கணை தொடுத்தவனல்லன். சூரபன்மனால் இடருற்ற தேவர்களுக்குச் சிவகுமாரன் ஒருவன் வேண்டியிருந்தான்; அதன்பொருட்டுப் பிரமன் காமனை ஏவினான்; மறுத்தால் சபிப்பேன் என்றும் அச்சுறுத்தினான். சென்றாலும் அழிவு, செல்லாவிடினும் அழிவு என்ற நிலையிலேயே அவன் கரும்புவில்லை எடுத்தான். முருகன் பிறந்தான், தேவர் வாழ்வு பெற்றனர். எரிந்தவன் ஒருவன், பயன்கொண்டோர் வேறு. பின்னர் அவன் பெற்ற வரந்தான் யாது? ரதியின் கண்ணுக்கு மட்டும் உருவுடையவன், ஏனையோர்க்கு உருவிலி. அநங்கன், அஃதாவது உடலற்றவன், என்னும் பெயர் இன்றளவும் அவனை விட்டு நீங்கவில்லை. சாபத்தையே பெயராகத் தாங்கி நிற்பவனைச் சாபம் நீங்கினான் என்பது எங்ஙனம் பொருந்தும்?

இவ்வினாவைத் தமிழிலக்கியம் முன்னரும் எழுப்பியுள்ளது. புதுமைப்பித்தனின் ‘சாப விமோசனம்’ என்னும் சிறுகதையில், இராமனின் கால் துகளால் பெண்ணுருப் பெற்ற அகலிகை, சீதை தீக்குளிக்க நேர்ந்தமையைக் கேட்டு மீண்டும் கல்லாகின்றாள். உயிர் திரும்பியது; உலகத்தின் பார்வை திருந்தவில்லை. பார்வை திருந்தாதவிடத்து விமோசனம் வெறுஞ்சொல்லே.

இது புராண வினா மட்டுமன்று. அக்கூத்தை ஆடிய மக்கள்மீதே சாபம் ஒன்று இடப்பட்டது. 1947 ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரசின் சார்பில் 7 பேரைப் பாராளுமன்றம் அனுப்பிய இம்மக்கள், 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டத்தால் நாடற்றவராயினர். 1949 இல் வாக்குரிமையும் பறிபோயிற்று. 1964 ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு எனப் பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரை 1974 இல் இரு நாடுகளும் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டன. கொழுந்து பறித்தவர்களை எவரும் ஒரு சொல் கேட்டாரில்லை. பிரமனின் ஏவலுக்கும் இதற்கும் வேற்றுமை யாது?

1988 ஆம் ஆண்டின் சட்டமும், 2003 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டமும் நாடற்ற நிலைக்கு முடிவு கட்டின. இவற்றைச் சிறுமைப்படுத்துதல் நன்றன்று; போராடிப் பெற்ற உயிர் அது. ஆனால் இதனைச் சுட்டி, மலையகத்தின் சாபம் முற்றாக நீங்கிற்று என மங்களம் பாடுவோரை நோக்கி ஒன்று கேட்டல் வேண்டும்: உயிர் வந்தது, உடல் எங்கே?

1987 ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத்தின் 33 ஆம் பிரிவு, தோட்டங்களுக்குப் பிரதேச சபைகள் பணியாற்றுவதற்குத் தடையாய் நின்றது. 2018 இல் அது திருத்தப்படும்வரை, தோட்டத்து வாக்குச் சபைக்கு வேண்டியிருந்தது. தோட்டத்துப் பாதை சபையின் கண்ணுக்குப் புலப்படவில்லை. தலைமுறை தலைமுறையாக லயத்தில் வாழ்ந்தும், தாம் வாழும் காம்பறாவுக்கும் அது நிற்கும் நிலத்துக்கும் உறுதி இல்லாதோர் இன்னும் பல்லாயிரவர். சட்டத்தில் குடிமகன், நிலத்தில் உருவிலி. அநங்கன் என்பதற்கு இதனினும் தெளிந்த உரை வேண்டுமோ?

முற்போக்காளர் சிலர் பிறிதொரு தடை எழுப்புவர். சாபம், விமோசனம் என ஆண்டுதோறும் அழுவது மூடநம்பிக்கை. மக்களைச் சோர்வில் ஆழ்த்தும். ஆதலின் கூத்தைக் கைவிடுக என்பர். இவ்வாதமும் ஏற்புடையதன்று. ரதியின் புலம்பல் விதியை ஏற்றுக்கொண்டவளின் அழுகையன்று. எரித்தவனையே எதிர்நின்று நியாயம் கேட்கும் குரல் அது. சாபம் நீங்கிவிட்டது என அம்மக்கள் மெய்யாகவே நம்பியிருப்பின், மறு மாசியில் மீண்டும் கம்பம் ஊன்ற வேண்டியதில்லை. வழக்கு முடியவில்லை என்பதை நினைவில் வைத்திருக்கவே அவர்கள் அதனை ஆண்டுதோறும் விசாரணைக்கு எடுக்கின்றனர். கைவிட வேண்டியது கூத்தையன்று. அதன் இறுதியில் நாம் அவசரமாகப் பாடும் மங்களத்தையே.

ஆதலின் எரிந்த கட்சி, எரியாத கட்சி என்னும் இரண்டோடு மூன்றாம் கட்சியொன்றும் வேண்டும். காமன் எரிந்தான், எழுந்தான், ஆயினும் சாபம் நீங்கவில்லை என்பது அக்கட்சி. தன் இனத்தாரின் கண்ணுக்கு மட்டும் தெரிவது வரமாகாது. ரதியல்லாதார் கண்களும் காமனைக் காணும் நாளிலேயே, லயத்துக் காம்பறாவில் பிறந்தவன் தன் நிலத்தின் உறுதியைக் கையில் ஏந்தி நிற்கும் நாளிலேயே, மங்களம் பாடுதல் தகும்.