வெட்கம் யாருக்கு?

பசறையிலிருந்து மடுல்சீமைக்கு ஏறும் மலைச்சாலையில், லயங்களுக்கும் பாடசாலைகளுக்கும் இடையே, சிறுமியர் நாள்தோறும் ஏறியும் இறங்கியும் நடக்கின்றனர். நுரையீரலும் கால்களும் மலையிலேயே உரம்பெற்ற பிள்ளைகள் இவர்கள். பன்னிரண்டு வயது வரை இல்ல விளையாட்டுப் போட்டிகளில் ஆண்பிள்ளைகளுக்கு ஈடுகொடுத்து ஓடியவர்களுள் எத்தனையோ பேர், பதினான்காம் வயதில் களத்தின் ஓரத்தில், கைகளை மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டு நிற்கின்றனர். காரணம் கேட்டால், "வயித்து வலி, சேர்" என்பார்கள். ஆசிரியரும் அதை நம்புவதுபோல் பாவனை செய்து, பெயர்ப்பட்டியலில் ஒரு கோட்டைக் கிழித்துவிடுகிறார்.

அந்தக் கோட்டைப் பற்றித்தான் இங்கே பேச வேண்டியிருக்கிறது. வறுமையும் சத்துக் குறைவும் மாதவிடாய்த் துன்பமும் பெற்றோரின் அச்சமும் அதற்குக் காரணங்களாகலாம், மறுக்கவில்லை. ஆனால் எவரும் வாய்திறந்து சொல்லாத காரணம் ஒன்றும் உண்டு. ஓடும்போது அந்தப் பிள்ளையின் மார்பு வலிக்கிறது. மைதானத்தைச் சுற்றி நிற்கும் கண்கள் அதைவிட அதிகமாக வலியைத் தருகின்றன. அவளுக்குத் தேவையானது, உடலுக்குப் பொருந்திய ஒரு மார்க்கச்சு. கடைத்தெருவில் 'பாடி' என்றும் 'பிரா' என்றும் வழங்கப்படும் அதே பொருளில், ஓட்டத்திற்கும் தாவலுக்கும் ஏற்றவாறு தைக்கப்பட்ட வகை.

'முற்போக்கு இலக்கிய ஏட்டில் எழுதத்தக்க விஷயமா இது?' என்று புருவம் நெரிப்போர் இருப்பர். அவர்களை நோக்கி ஒன்று கேட்கிறேன். கச்சையும் கொங்கையையும் வருணித்த செய்யுட்களை வகுப்பறையில் இலக்கிய நயம் என்று பாராட்டும் நாம், அதே வகுப்பறையில் அமர்ந்திருக்கும் உயிருள்ள ஒரு பிள்ளைக்குக் கச்சு வேண்டும் என்றால் மட்டும் ஏன் நாணிக் கோணுகிறோம்? பெண்ணின் உடல் ஆண் துய்க்கும் அழகாக இருக்கும்வரை அது இலக்கியம். அவள் வாழும் உடலாக ஆனவுடன் ஆபாசமா?

விஞ்ஞானம் சொல்வதைக் கேட்போம். மார்பகத்திற்குள் தசை கிடையாது. கொழுப்பும் பால்சுரப்பிகளும் நிறைந்த அதனை மெல்லிய இழைநார்களும் மேல்தோலுமே தாங்குகின்றன. ஓடும்போது அது மேலும் கீழுமாக மட்டுமன்றி, பக்கவாட்டிலும் முன்பின்னாகவும் அசைகிறது. 2012ஆம் ஆண்டு இலண்டன் மரதன் ஓட்டத்தில் பங்குகொண்ட பெண்களிடையே நடந்த ஆய்வில், ஏறத்தாழ மூவரில் ஒருவர் மார்பு வலியை அனுபவித்ததாகக் கூறினர். இங்கிலாந்தில் 11 முதல் 18 வயது வரையான இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட மாணவியரை ஆராய்ந்து 2016இல் வெளியான அறிக்கை, அவர்களுள் 46 சதவீதத்தினரின் விளையாட்டு ஈடுபாட்டை மார்பு பற்றிய சங்கடம் ஏதோ ஒரு வகையில் பாதித்ததாகத் தெரிவித்தது. வசதியும் கடைகளும் நிறைந்த இங்கிலாந்தின் கதையே இதுவானால், பெற்றோரும் பிள்ளைகளும் ஒரே லயன் காம்பராவில் நெருங்கி வாழும் மலையகத்தின் கதை எப்படியிருக்கும்?

பெண்ணின் மேலாடை என்றும் அற்பப் பொருளாக இருந்ததில்லை. திருவிதாங்கூரில் நாடார் பெண்கள் மேலாடை அணியும் உரிமைக்காகப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் பல்லாண்டுகள் அடியும் அவமானமும் ஏற்றுப் போராடினர். 1859இல் மன்னரின் பிரகடனம் அந்த உரிமையை வழங்கியது. அப்போதும், மேற்சாதிப் பெண்களைப் போல் அணியலாகாது என்ற நிபந்தனையை ஒட்டியே வழங்கியது. எதை உடுப்பது, எப்படி உடுப்பது என்பதை அதிகாரம் தன் கையில் வைத்திருக்கவே எப்போதும் விரும்புகிறது. அன்று மூடாதே என்றது; இன்று 'மூடிக்கொண்டு மூலையில் நில்' என்கிறது. சொல் மாறினாலும், சொல்லும் குரல் ஒன்றுதான்.

விளையாட்டு மார்க்கச்சு தோன்றிய வரலாறும் பாடமாகவே அமைகிறது. 1977இல் அமெரிக்காவின் வெர்மொண்ட் மாநிலத்தில் லிசா லிண்டால், பொலி ஸ்மித், ஹிண்டா மில்லர் என்ற மூன்று பெண்கள், ஆண் விளையாட்டு வீரர் அணியும் உள்ளாடைகள் இரண்டை ஒன்றாக இணைத்துத் தைத்து முதல் மாதிரியை உருவாக்கினர். ஆணின் உடலுக்குப் பாதுகாப்பு முன்னரே கடையில் கிடைத்தது. பெண்ணோ தனக்கானதைத் தானே வெட்டித் தைக்க நேர்ந்தது. எவருடைய தேவை 'இயல்பு' என்றும், எவருடைய தேவை 'ஆடம்பரம்' என்றும் கணிக்கப்படுகிறது என்பதற்கு வேறு சான்று வேண்டுமா?

நம் நாட்டின் முரண்பாடோ இன்னும் கொடியது. 1978இல் கட்டுநாயக்க வர்த்தக வலயம் திறக்கப்பட்டது. 1992இல் 200 ஆடைத் தொழிற்சாலைத் திட்டம் கிராமங்களுக்கும் தையல் இயந்திரங்களைக் கொண்டுசென்றது. இன்று மார்க்கச்சு உற்பத்தியில் உலகம் அறிந்த நாடுகளுள் இலங்கையும் ஒன்று. விளையாட்டு மார்க்கச்சுகளும் இங்கிருந்து கப்பலேறுகின்றன. அந்தத் தொழிற்சாலைகளில் மலையகத்து யுவதிகளும் உழைக்கின்றனர். அக்கா தைத்த கச்சு ஐரோப்பிய நகரப் பூங்காவில் ஓடுகிறது. தங்கை மடுல்சீமை மைதானத்தின் ஓரத்தில் கைகட்டி நிற்கிறாள். உழைப்பின் பயன் உழைப்பவளுக்கு அந்நியமாகிறது என்று நூல்களில் படிக்கிறோமே, அதன் பொருள் இதுதான்.

இனி, நம் தோழர்களின் ஆட்சேபத்துக்கு வருவோம். 'கூலிக்கும் காணிக்கும் வீட்டுக்கும் போராடும் மக்களிடம் கச்சைப் பற்றிப் பேசுவதா?' என்பர். தோட்டத் தொழிலாளரின் நாட்கூலி 1350 ரூபாய் என்று நிர்ணயிக்கப்பட்டது 2024இல்தான். தரமான ஒரு மார்க்கச்சு அந்த ஒரு நாள் கூலிக்குள் அடங்குவதில்லை. ஆகவே இதுவும் கூலிப் பிரச்சினையே. கொழுந்து மலையில் நாள் முழுதும் சரிவேறும் தாயின் உடலும் இதே தாங்குதலைக் கேட்கிறது. பெண்ணின் உடலைப் பற்றிய கேள்விகளைப் 'பிறகு பார்ப்போம்' என்று ஒத்திவைத்த இயக்கங்களில் அந்தப் 'பிறகு' வந்ததேயில்லை. 2019இன் சனாதிபதித் தேர்தல் மேடையில் பெண்களுக்கு இலவச அணையாடை என்ற வாக்குறுதி எழுந்தபோது எத்தனை கேலிகள்! அந்தக் கேலி அடங்கி ஐந்தாண்டுக்குள், 2024இல், மாணவியருக்கு அணையாடை வாங்க அரசே பற்றுச்சீட்டு வழங்கியது. நேற்றைய நகைப்பு இன்றைய நிர்வாகம் ஆயிற்று.

வறுமை என்று மட்டும் சொல்லித் தப்பவும் இயலாது. மகள் பெரியவளானாள் என்று கடன்பட்டுப் பந்தலிட்டு, பதாகை கட்டி, படம் பிடித்து ஊருக்கு அறிவிக்கிறோம். அறிவித்த அந்த வளர்ச்சிக்கு ஏற்ற உள்ளாடை அவளிடம் உண்டா என்று மட்டும் கேட்பதில்லை. விழாவுக்கு வெட்கமில்லை, அவளுடைய வசதிக்குத்தான் வெட்கம்!

சரியான அளவைத் தேர்வது இரகசிய வித்தையன்று. மார்பின் கீழே உடலைச் சுற்றிவரும் பட்டைதான் பாரத்தின் பெரும்பகுதியைத் தாங்க வேண்டும். தோள்வார்கள் துணை மட்டுமே. கைகளை உயர்த்தும்போது பட்டை மேலேறினால் அது தளர்வு; ஆழ்ந்து மூச்சிழுக்க முடியாவிட்டால் அது இறுக்கம். பட்டைக்கடியில் இரண்டு விரல் நுழையும் இடைவெளி போதும். கிண்ணத்தின் விளிம்பில் சதை பிதுங்கவும் கூடாது, துணி சுருங்கித் தொங்கவும் கூடாது. வார் தோளில் பள்ளம் பதிக்கலாகாது. சிறிய மார்புக்கு முழுவதையும் சேர்த்தணைக்கும் வகை போதும். பெரியதற்கு இரு பக்கத்தையும் தனித்தனியே தாங்கும் வகை நலம். அணிந்தபின் நின்ற இடத்தில் குதித்தும், சிறிது ஓடியும் பார்த்தே வாங்க வேண்டும். வளரும் பிள்ளைக்குச் சில மாதங்களுக்கொரு முறை மீண்டும் அளக்க வேண்டும். இழுவை தளர்ந்த கச்சு பயனற்றது. துணியால் இறுக்கிக் கட்டுவதும், ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டை மாட்டுவதும் மூச்சைத் திணறடிக்கும் தண்டனைகளே. கச்சு அணிந்தால் புற்றுநோய் வரும் என்ற வதந்தியும் பொய். 2014இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வு அத்தகைய தொடர்பு எதையும் காணவில்லை.

இதற்கொரு மறுபக்கமும் உண்டு. வியாபாரி இதனை அழகுப் பொருளாக்கி, 'இது இல்லாத உடல் குறையுள்ள உடல்' என்று விளம்பரம் செய்வான். ஒழுக்கவாதியோ, 'இதை அணியாதவள் ஓடக்கூடாது' என்று புதிய விலங்கு செய்வான். இருவரையும் நிராகரிப்போம். வேண்டியவளுக்குப் பொருந்தியது கிடைக்க வேண்டும். வேண்டாதவளை வற்புறுத்த எவருக்கும் உரிமையில்லை.

ஆசிரியத் தோழர்களே, பெரிய திட்டங்களுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. ஒரு தையல் அளவு நாடாவும், கதவு சாத்தக்கூடிய ஓர் அறையும், அந்த அறைக்குள் பரிவுடன் பேசக்கூடிய ஓர் ஆசிரியையும் தொடக்கத்திற்குப் போதும். சுகாதாரப் பாடத்தில் அந்தப் பக்கத்தைப் புரட்டித் தாண்டாமல் நின்று கற்பியுங்கள். ஆண்பிள்ளைகளுக்கும் கற்பியுங்கள், கண்களால் காயப்படுத்துவதும் வன்முறையே என்று அவர்கள் அறியட்டும். அரசு சீருடைத் துணி வழங்குகிறது. அணையாடைக்குப் பற்றுச்சீட்டும் வழங்கியது. பந்தும் வலையும் வாங்கும் விளையாட்டு உபகரணப் பட்டியலில் மார்க்கச்சும் இடம்பெறட்டும் எனத் தொழிற்சங்கங்களும் பெற்றோர் கூட்டங்களும் கோரட்டும். கோடிக்கணக்கில் கச்சுகளைத் தைத்து அனுப்பும் நாட்டிடம், அதைத் தைப்பவளின் தங்கைக்கு ஒன்று கேட்பது பிச்சையன்று.

அடுத்த விளையாட்டுப் போட்டியில், "வயித்து வலி, சேர்" என்ற குரல் எழும்போது பேனாவை எடுக்காதீர்கள். அந்தப் பிள்ளையின் முகத்தைப் பாருங்கள். அவள் தலைகுனிந்து நிற்கிறாள். தலைகுனிய வேண்டியவர்கள் நாம்.