மேசையாகிவிட்ட தையல் இயந்திரம்

பாட்டியின் தையல் இயந்திரத்தைப் பற்றி எழுதுவதில் நம் இலக்கிய உலகம் சலித்ததே இல்லை. கறுப்புத் தலை, பொன்னெழுத்து, மதிய வேளையின் கடகடப்பு எல்லாம் எழுத்தில் வந்துவிடும். ஊசியில் நூல் கோக்கும் வழி மட்டும் வராது. அப்படி எழுதும் நாமே அந்த இயந்திரத்தின் தலையைப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டு, காலின்மேல் கண்ணாடி பதித்துக் கணினி வைத்திருக்கிறோம். இதற்கு மரபைப் பேணுதல் என்று பெயர் வேறு.

இயந்திரங்களைக் கடுமையாக மறுத்த காந்தி, 1924இல் இராமச்சந்திரனுடன் உரையாடுகையில் சிங்கர் தையல் இயந்திரத்துக்கு விலக்களித்தார். மனைவி கையால் தைத்துச் சலிப்பதைக் காணப் பொறாமல் சிங்கர் அதைச் செய்தார் என்பது அவர் நம்பிய கதை. வரலாறு அவ்வளவு இனிதன்று. எலியாஸ் ஹோவ் 1846இலேயே காப்புரிமை பெற்றுவிட்டார். 1851இல் காப்புரிமை பெற்ற ஐசக் சிங்கர் தேர்ந்த வியாபாரி, அன்புக் கணவர் என்று சொல்ல வழியில்லை. ஆயினும் காந்தியிடம் ஓர் அளவுகோல் இருந்தது: இயந்திரம் தனிமனிதருக்கு உதவுகிறதா என்பது. நம் நினைவேக்கத்தில் அந்தக் கேள்விக்கே இடமில்லை.

கற்றுப் பார்த்தால்தான் பாட்டியின் உழைப்பு விளங்கும். முதல் சில நாள் நூலில்லாமல் வெறும் காகிதத்தில் ஓட்ட வேண்டும். மிதி சற்றுத் தடுமாறினாலும் சக்கரம் பின்னோக்கிச் சுழலும். நூல் கோத்திருந்தால் சிக்கிக்கொள்ளும். ஊசியின் தட்டைப் பக்கம் மாறியிருந்தால் தையலே விழாது. மேல்நூல் தளர்ந்தால் துணியின் அடியில் வளையங்கள் தொங்கும். வீட்டில் இருக்கிறதே என்று தேங்காயெண்ணெய் விட்டால் அது நாளடைவில் பிசினாகி உறுப்புகளை இறுக்கிவிடும். இவற்றை எந்தக் கவிதையும் நமக்குச் சொல்லவில்லை.

ஆய்க்குடியை நினைத்தால் நம் ஏக்கம் இன்னும் சிறுத்துப்போகிறது. 1975இல் கடற்படைத் தேர்வொன்றில் விழுந்து முதுகுத்தண்டு அடிபட்டு, கழுத்துக்குக் கீழ் செயலிழந்த எஸ். இராமகிருஷ்ணன் 1981இல் அங்கே அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். 2020இல் அவருக்குப் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது. மாற்றுத்திறனாளிகளுக்கு அச்சங்கம் அளித்துவரும் தொழிற்பயிற்சிகளில் தையலும் ஒன்று. அங்கே கற்பவருக்குத் தையல் என்பது சொந்தச் சம்பாத்தியம். இரண்டு காலும் நலமாயிருந்தும் மிதியில் கால் வைக்காத நாம் அதையே அலங்காரப் பொருளாக்கிக்கொண்டோம்.

'ஆயத்த ஆடை மலிவாயிருக்க இது வீண்வேலை அல்லவா?' என்பார்கள். சட்டை மலிவுதான். ஆனால் கிழிந்ததைத் தைக்கத் தெரியாதவருக்கு ஒவ்வொரு கிழிசலும் புதுச் செலவு. இதைப் பெண்களின் வேலை என்று ஒதுக்குபவர்கள் கடைத்தெருவில் தம் சட்டைக்கு அளவெடுப்பவர் யார் என்று ஒருமுறை பார்க்கட்டும். அரசும் சத்தியவாணி முத்து அம்மையார் பெயரிலான திட்டத்தில் ஏழைப் பெண்களுக்கு இலவசத் தையல் இயந்திரம் வழங்கிவந்திருக்கிறது. அவர்கள் அதைப் பெறுவது தைக்கத்தான்.

கண்ணாடியை எடுத்துவிடுவோம். தலை இன்னும் பரணில் கிடந்தால் இறக்கித் துடைத்து, இயந்திர எண்ணெய் விட்டு, புது வார் மாட்டி, தெருமுனைத் தையற்காரரிடம் ஒரு மாதம் மாணவராயிருப்போம். ஒரு தலையணை உறையாவது நேராகத் தைத்துவிட்டுப் பாட்டியைப் பற்றி எழுதுவோம்.